ஓரிதழ்த் தாமரையும் சங்கத்தின் கடமையும்

மழைக்குப் பின் தரிசுகளிலும் வரப்புகளிலும் தானே முளைக்கும் ஓரிதழ்த் தாமரைக்கும் குளத்துத் தாமரைக்கும் உறவு யாதுமில்லை. தாவர சாஸ்திரிகள் இதனை வயலட் குடும்பத்திற் சேர்த்திருக்கின்றனர். 1753-இல் சுவீடன் தேசத்து லின்னேயஸ் இதற்கு வயோலா என்றே பெயரிட்டார். ஒரு சாண் அளவு வளரும் இச்செடியின் பூவில் ஐந்து இதழ்களுண்டு. ஆயினும் ஊதா கலந்த ரோஜா நிறமுள்ள ஓரிதழே பெரிதாய் விரிந்து கண்ணுக்குப் புலப்படும்.

பச்சையிலையை அரைத்துப் பாலிற் கலந்து உண்பதும், சமூலத்தைச் சூரணமாக்கி வைப்பதும் நாட்டு வழக்கம். உடற்சூடு, நீர்க்கடுப்பு இவைகளுக்குச் சித்த வைத்தியர் கொடுப்பர். கர்ப்பிணிகளும் வேறு மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது.

சமூலமாவது வேரோடு கூடிய முழுச் செடி. ஆகவே மருந்துக்குப் பறிக்குந்தோறும் ஒரு செடி அழிகின்றது. காய் முற்றுமுன் பிடுங்கினால் வித்தும் அற்றுப்போம். முற்றிய காய் மூன்றாய் வெடித்து விதையைத் தெறித்துவிடும். ஆதலின் காய் பழுப்பேறத் தொடங்கும்போதே கொய்து, துணியால் மூடிய சட்டியிலிட்டு நிழலில் உலர்த்த வேண்டும். அவ்விதையைப் பொடிமண்ணில் மேலாகத் தூவி, மெல்ல நீர் தெளித்தல் வேண்டும், நீர் தேங்கலாகாது.

ஒருவர் விட்டுவைத்ததை மற்றொருவர் பிடுங்குவாராயின் பயனில்லை. ஆதலால் மூன்றில் ஒரு பங்கு செடிகளை வித்துக்கு விடுவதென்று சங்கமே கூடித் தீர்மானித்தல் தக்கது. அத்தீர்மானம் மழைக்காலத்திற்கு முன்னரே செய்யப்படுமாயின் நலம்.