ஊதா மஞ்சளாகும் குழாய்

பசறையிலோ ஹப்புத்தளையிலோ தேயிலைத் தொழிற்சாலைக்குள் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். வாடிய கொழுந்து ரோலரில் நசுங்கி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாகிவிடும். காற்றிலுள்ள ஒட்சிசன் இலைச்சாற்றோடு சேர்வதால் வரும் நிறம் அது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதனால்தான். ஒட்சியேற்றம் என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள்.

நம் உடம்புக்குள்ளும் இது ஓயாமல் நடக்கிறது. அப்போது பிறக்கும் சில துணிக்கைகளுக்கு இலத்திரன் ஒன்று குறையும். அதைப் பக்கத்தில் இருப்பதிடம் பறித்துக்கொள்ளும். இவை சுயாதீன மூலிகங்கள். தன் இலத்திரனைக் கொடுத்து இவற்றை அடக்குவது ஒட்சியேற்ற எதிரி. மூலிகத்தை அடக்கும் மூலிகை என்று நினைவில் வையுங்கள்.

ஒரு செடிக்கு அந்த வலு உண்டா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? வல்லாரையை எடுத்துக்கொள்வோம். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெதனோலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து வடித்தால் சாறு கிடைக்கும். டிபிபிஎச் என்ற இரசாயனத்தைக் கரைத்தால் அது நல்ல ஊதா நிறம். 1958இல் புளொயிஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முறை இது. சோதனைக் குழாயிலுள்ள அந்த ஊதாவில் சாற்றை விட்டு, இருட்டில் வைக்கிறார்கள். சாற்றில் வலு இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீற்றர் ஒளியில் கருவி அளந்து சொல்லும். பாதி மூலிகத்தை அடக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதே கணக்கு. ஆகவே குறைந்த எண் வந்தால்தான் வலு அதிகம். நெல்லிக்காய், ஆவாரம்பூ, நமது தேயிலை எல்லாமே இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகின்றன.

இது அழகான சோதனை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி மருந்து விற்கும்போதுதான் எனக்குக் கவலை. அந்த ஊதா இரசாயனம் மனித உடம்பில் கிடையவே கிடையாது. மெதனோல் நஞ்சு, வீட்டில் யாரும் அதில் கசாயம் காய்ச்சுவதில்லை. நாம் குடிப்பதில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும், அதையும் ஈரல் மாற்றிவிடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரோட்டீன் என்ற ஒட்சியேற்ற எதிரியை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களம், உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலுவைக் காட்டும் தன் பட்டியலை 2012இல் விலக்கிக்கொண்டது. குழாயில் வந்த எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே காரணம்.

அதற்காக வல்லாரைச் சம்பலை ஒதுக்கச் சொல்லவில்லை. நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். சீனி வருத்தத்துக்கு கிளினிக்கில் தந்த மருந்தை நிறுத்திவிட்டு ஆவாரம்பூப் பொடியை நம்பி இருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

தோட்டத்து மக்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேயிலையில் ஊதாவை மஞ்சளாக்குகிற பொலிபீனோல்கள் இருக்கின்றனவே, அவையே சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சேர்வது பாதிக்கும் மேல் குறைகிறது. லயத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம் என்பது நமக்குத் தெரியும். குழாயில் பாராட்டுப் பெற்ற அதே பொருள் சாப்பாட்டு வேளையில் நமக்கு எதிராக நிற்கிறது.

ஆகவே, மலைக்குப் போகும் அக்காமாரே, தங்கச்சிமாரே, தேத்தண்ணியை விட வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ, பிழிந்த தேசிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வயிற்றில் பிள்ளையுள்ள தாய்மார், கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். வெறும் தண்ணீரே போதும்.