பாலாற்றின் கணக்கில் விடுபட்டவர்கள்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் சட்டத்தில் தொழில் நிறுவனங்கள் தொடர்பாக என்ன மாறியிருக்கிறது என்று பேசச் சொன்னீர்கள். அதற்கு டெல்லி வரை போக வேண்டாம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரை போனால் போதும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிகளின் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அதில் அறிவித்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் ஒரு ஆலை மீது வழக்குப் போட்டாலும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்து நீட்டுகிறார்கள்.

சரி, விலையைக் கொடுத்தார்களா? யாருக்குக் கொடுத்தார்கள்?

தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் ஒரு கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் 29,000க்கும் மேல், இழப்பீடு 26 கோடி ரூபாய்க்கும் மேல். எவ்வளவு நிலம் கெட்டது என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நிலம் கெட்டால் நிலக்காரருக்கு நட்டம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் நாற்று நட்டவர், களை பறித்தவர், அறுத்தவர் யார்? அவருக்குப் பட்டா கிடையாது. சர்வே எண் கிடையாது. நிலம் செத்த அன்றே அவருடைய கூலியும் செத்தது. ஹெக்டேரில் அளக்கிற கணக்கில் அந்தக் கூலியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நிலம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்த ஊரில், நிலத்தை வைத்து நட்டத்தை அளந்தால் அந்த அளவுகோலிலும் சாதி இருக்கும். சட்டம் எழுதியவர்களுக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் விளைவு அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோலைத் தொடுவது இழிவு என்று சொன்ன சமூகம், அந்த வேலையை யார் தலையில் கட்டியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குழியிலும் குரோமியத் தண்ணீரிலும் நின்று வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி இன்றும் ஒடுக்கப்பட்ட மக்களும் ஏழை இசுலாமியர்களும்தான். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர்களும் மாசினால் செத்தவர்கள்தான். ஆனால் நாம் அதை 'தொழிற்சாலை விபத்து' என்கிற கோப்பில் வைத்து மூடிவிடுகிறோம்.

இப்போது சட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்போம். இரண்டு திசையிலும் நகர்கிறது.

ஒன்று, 2025 ஜனவரி 30. இதே வேலூர் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு முதலில் கொடுக்க வேண்டும், பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஒருமுறை பணம் கட்டியதோடு ஆலையின் பொறுப்பு தீராது, சேதம் சரியாகும் வரை தொடரும் என்றும் சொன்னது. கண்காணிக்க, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் நிலைமை.

இரண்டாவது, ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம். 42 சட்டங்களைத் திருத்திய இந்தச் சட்டம், 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தியது. முன்பு மீறலுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது போய், 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் வந்திருக்கிறது. விதிப்பவர் நீதிபதி அல்ல, அரசு அதிகாரி. அபராதத்தைக் கட்டாமல் விட்டால்தான் சிறை பற்றிய பேச்சே வரும்.

பழைய சட்டத்தில் மட்டும் எத்தனை முதலாளிகள் சிறைக்குப் போனார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் குற்றம் என்று ஒரு செயலுக்குப் பெயர் இருக்கும் வரை, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றப் படியேறி 'இவர் குற்றவாளி' என்று சொல்ல முடியும். அது அபராதமாக மாறியபின், பெரிய நிறுவனத்துக்கு அது ஆண்டுச் செலவுக் கணக்கில் ஒரு வரி. கொடுக்க முடிந்தவன் மாசு செய்யலாம் என்று ஆகிவிடும். மாசு செய்தவர் விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டைத் தலைகீழாகப் படிப்பது இது.

ஆலைகளை மூடச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற நம் பெண்களின் சம்பளத்தில் எத்தனை பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆலை இருக்கட்டும். அதன் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு முதலாளியின் கணக்கில் வரட்டும், நம் கிணற்றிலும் நுரையீரலிலும் வர வேண்டாம்.

1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியது பொது நீர் எல்லோருக்கும் பொது என்று நிலைநாட்டத்தான். குளத்தில் இறங்கும் உரிமை இருந்தும் அதன் தண்ணீர் குடிக்கத் தகாது என்றால், அந்த உரிமையில் பாதிதான் நம்மிடம் இருக்கிறது.

ஆகவே சட்டம் படிக்கிற தோழர்களுக்கு மூன்று வேலை. இழப்பீட்டுக் கணக்கில் கூலி இழப்பையும் தொழிலாளர் உடல்நலத்தையும் சேர்க்கக் கோரி மனுக்கள் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், எந்த ஆலை எவ்வளவு அபராதம் கட்டியது, எந்த ஊருக்கு அது போனது என்று கேளுங்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கே நடந்தாலும், நிலமில்லாதவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பட்டா இல்லாதவருக்கும் பாலாறு சொந்தம் என்று அந்தக் கூட்டத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும்.