ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கும் எஞ்சின்

சபரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் தோட்டத்துக்கு ஏறும் கார்களில் மழைக்காலத்தில் வரும் ஒரு தொல்லை: சமதரையில் ஒழுங்காக ஓடும், ஏற்றத்தில் மட்டும் குலுங்கி மிஸ் அடிக்கும். பல நேரம் பிளக்கை மாற்றினாலும் போகாது.

ஏற்றத்தில் அக்சிலேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது பிளக்கில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைப் பிளக்குக்குத் தரும் கொயிலின் ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்து ஈரமும் சேர்ந்துவிட்டால், மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கத்து உலோகத்துக்குத் தாவிவிடும். சபரகமுவ மழையில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஸ்கேனரில் ‘பி0302’ என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் கோளாறு. சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள காரென்றால், இரண்டாவதன் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் போடச் சொல்லுங்கள், மூன்றாவதன் கொயிலை இரண்டாவதில். ஸ்கேனரில் பழைய கோட் எண்ணை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது ‘பி0303’ வந்தால் குற்றவாளி கொயில். கோட் மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கொம்ப்ரெஷன் என்று பார்க்க வேண்டும். சாமான் வாங்குமுன் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்வியுங்கள். விற்கிற விலைக்கு ஊகத்தில் வாங்க முடியுமா?

டாஷ்போர்டில் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மேலே ஏறாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிடும். அதன் விலை கொயிலின் விலையைப் போலப் பல மடங்கு.