சேவை வாணிகமும் அதன் கணக்கும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயமும் ஒழுக்கமும் பேசப்படும் மேடையில் வாணிகக் கணக்கைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என ஐயுறுவாரும் உளர். கணக்கிற் காட்டும் நேர்மையும் அறத்தின் ஓர் உறுப்பே என்பது நமது கருத்து. சித்திராபூரணை நாளில் நம் கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படிக்கின்றோம். அவருடைய ஏட்டில் யாதொன்றும் விடுபடுவதில்லை என நம்புகின்றோம். அரசுகள் எழுதும் ஏடுகளோ அத்தகையன அல்ல. அவற்றில் எளிதாக விடுபட்டுப்போவது நாடுகளுக்கிடையே நிகழும் சேவை வாணிகம். அதனை எங்ஙனம் செம்மையாக அளக்கலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பண்டங்களைக் கணக்கிடுதல் எளிது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன் அதன் நிறையும் விலையும் சுங்கப் பத்திரத்திற் பதியப்படுகின்றன. யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் கணனியின் முன் அமர்ந்து இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதி அனுப்பினால் அதுவும் ஏற்றுமதியே. ஆயினும் அது எந்தச் சுங்க வாயிலையும் கடப்பதில்லை. அதை நிறுக்கத் தராசும் இல்லை. கேட்டறிந்தாலன்றி அரசுக்கு அது தெரிய வழியில்லை. சேவைக் கணக்கிலுள்ள இடர்ப்பாடுகள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுவே.

1995 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கை இவ்வாணிகத்தை நால்வகையாகப் பிரிக்கின்றது. மேற்கூறிய மென்பொருள்போலச் சேவை மட்டும் எல்லை கடப்பது முதலாவது வகை. உல்லாசப் பிரயாணியைப்போலச் சேவையை நுகர்பவர் எல்லை கடப்பது இரண்டாவது. அந்நிய வங்கி இங்கே கிளை திறப்பதுபோல நிறுவனம் வந்து நிலைகொள்வது மூன்றாவது. ஒப்பந்த வேலைக்காகப் பொறியியலாளர் சில மாதங்கள் பிறநாடு செல்வதுபோல வல்லுநர் சென்று பணிபுரிவது நான்காவது.

நாடுகள் தம் வெளிநாட்டு வரவு செலவைச் சென்மதி நிலுவைக் கணக்கிற் காட்டுகின்றன. அது ஒரு நாட்டில் வதிவோருக்கும் வதியாதோருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலையே பதியும். இங்கே நிலைகொண்ட அந்நியக் கிளை இங்குள்ளாருக்கு விற்கும் சேவை அதில் இடம்பெறாது. உலக வர்த்தக அமைப்பு நால்வகையையும் சேர்த்து மதிப்பிட்டபோது, 2017 ஆம் ஆண்டின் உலகச் சேவை வாணிகம் ஏறக்குறைய 13.3 இலட்சம் கோடி டொலர் எனவும், அதிற் பத்தில் ஆறு பங்கு மூன்றாம் வகையைச் சார்ந்தது எனவும் கண்டது. பழைய கணக்கை மட்டும் நோக்குவோர் எவ்வளவைக் காணாது விடுகின்றனர் என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

இனி நம் நாட்டு உல்லாசப் பிரயாணத்துறையைப் பார்ப்போம். 2018 ஆம் ஆண்டில் 2,333,796 பேர் வந்தனர். ஒருவர் சராசரி 10.8 இரவுகள் தங்கி, நாளொன்றுக்கு 173.8 டொலர் செலவிட்டார் எனக் கொள்ளப்பட்டது. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 4,380 மில்லியன் டொலர் வரும். அவ்வாண்டுக்கு வெளியிடப்பட்ட வருவாயும் அதுவே. வந்தோர் தொகை குடிவரவுப் பதிவிலுள்ளது. நாட்செலவோ பிரயாணிகள் சிலரை வினவிப் பெற்ற சராசரி. அது பத்து டொலர் பிழைத்தால் மொத்தம் 250 மில்லியன் டொலருக்கு மேல் பிழைக்கும். தனியார் வீடுகளிலே தங்குவோரையும் உறவினரைக் காண வருவோரையும் உரிய அளவில் வினவாவிடின் சராசரி எவ்வாறு சரியாகும்?

இது வளர்ந்துவரும் நாடுகளுக்கே உரிய குறை என எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் புள்ளிவிபரக் கலையிலே தேர்ந்தவை. எனினும் தம்மிடையேயான சேவை வாணிகத்தில் மிகுதி தமக்கே என இரு நாட்டு ஏடுகளும் காட்டி வந்துள்ளன. ஒருவர் விற்றதே மற்றவர் வாங்கியதாகலின், இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. பிரித்தானியப் புள்ளிவிபர அலுவலகம் 2017 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டது. யேர்சி, கேர்ன்சி, மான் ஆகிய தீவுகளை அமெரிக்கா பிரித்தானியாவோடு சேர்த்து எண்ண, பிரித்தானியா அவற்றைப் புறம்பாக விட்டமை காரணங்களுள் ஒன்று.

இன்னுமொன்று பெயர் மயக்கம். நெடுங்காலம் பிறநாட்டில் வதியும் மகன் பெற்றோருக்கு அனுப்பும் பணம் சேவை ஏற்றுமதி அன்று. அது குடும்ப உதவி. வீட்டிலிருந்தபடியே அந்நிய நிறுவனத்துக்கு வரைபடம் வரைந்து கொடுத்த மகள் பெறும் பணம் சேவை ஏற்றுமதி. இரண்டும் ஒரே வங்கிக்கு ஒரே டொலராக வருகின்றன. நோக்கத்தைப் பிழையாகக் குறித்தால் அம்மகளின் உழைப்பு ஏட்டில் மறைந்துபோகும்.

இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஐக்கிய நாடுகள் முதலிய சர்வதேச நிறுவனங்கள் கூடிச் சேவை வாணிகப் புள்ளிவிபரத்துக்கென ஒரு கைந்நூலை 2002 இல் வெளியிட்டு, 2010 இல் திருத்தி அமைத்தன. நிறுவனங்களை வினவும்போது எச்சேவை, எந்நாட்டுக்கு, எவ்வகையில் எனப் பிரித்துக் கேட்டல்; அந்நியக் கிளைகளின் விற்பனையைத் தனியே தொகுத்தல்; வங்கி, வரி, கம்பனிப் பதிவு ஆகியவற்றிலுள்ள செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதல்; வாணிபஞ் செய்யும் நாட்டின் கணக்கோடு நம் கணக்கை நேர்வைத்துப் பார்த்தல்; மதிப்பீட்டின் பிழை எல்லையை மறையாது கூறுதல் ஆகிய இவையே செய்யத்தக்கன.

இவை அதிகாரிகளின் தொல்லை, நமக்கென்ன என்று வாளாவிருத்தல் தகாது. 2022 இல் டொலர் இன்மையால் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாம். எத்தொழில் டொலர் ஈட்டுகின்றது என்பதைச் செவ்வையாக அறியாத அரசு எத்தொழிலுக்குக் கல்வியும் கடனும் மின்சாரமும் முதலில் அளிப்பது எனத் தீர்மானிப்பது எங்ஙனம்? 2018 இல் சிங்கப்பூருடன் செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் சேவைகளையும் உள்ளடக்கியது. அந்நிய வல்லுநர் வருகை பற்றி அப்போது கடும் வாதம் எழுந்தது. அத்தகைய வாதங்களைத் தீர்ப்பதற்குக் குரலின் உரம் போதாது, தொகை வேண்டும்.

பெரியோர்களுக்கு ஓர் அச்சமுண்டு. உண்மையைச் சொன்னால் வரிகாரர் வந்துவிடுவாரே என்பது அது. அவ்வச்சத்தை நகைத்து ஒதுக்கலாகாது. புள்ளிவிபரத்துக்கெனத் தனியாரிடம் பெற்ற விடைகள் இரகசியமாகக் காக்கப்படவும், புள்ளிவிபரத்துக்கே பயன்படுத்தப்படவும் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 இல் ஏற்றுக்கொண்ட அடிப்படை நெறிகளுள் ஒன்று. இந்நெறியைச் சொல்லிலும் செயலிலும் காப்பது அரசின் கடன். காத்தால் மக்கள் மெய் கூறுவர். மீறினால் எக்கைந்நூலும் பயன்படாது.

இளைஞர்களே, உங்கள் கடன் மூன்று. அந்நியப் பணம் வரும்போது அதன் நோக்கத்தை வங்கியில் உள்ளவாறு குறிப்பிடுங்கள். வினாக்கொத்துடன் வருவோருக்கு மெய்யான விடை கூறுங்கள். கணிதத்தில் விருப்பமுடையோர் புள்ளிவிபரவியல் கற்று அத்துறைக்குச் செல்லுங்கள். கோயில் வரவு செலவை ஊரார் முன் வாசித்து ஒப்புவிக்கும் மரபிலே வளர்ந்தவர்கள் நாம். நாட்டின் கணக்கும் அதே தூய்மையுடன் எழுதப்பெற நம்மால் இயன்றதைச் செய்வோமாக.