ஓதுதலோடு அமையுமோ குருப்பணி?

(கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யூத மக்களின் சமய குருவை ‘ரபி’ என்பர். வேதத்தை ஓதுவதும் அதன் விதிகளை விளக்குவதும் அவர்தம் தலையாய கடமை. அவ்வேதம் விதிப்பதுதான் யாது? வயலின் ஓரத்தை அறுக்காது ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுக. கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திராதே என்பதன்றோ? இவற்றை ஓதக் கற்றவர், நடைமுறைக்குக் கொண்டுவரும் வழியையும் கற்க வேண்டாமா? அமெரிக்க யூத குருமடங்களில் எழுந்துள்ள வினா இதுவே.

துணிவுக்கு அங்கே குறைவிருந்ததில்லை. அட்லாண்டா நகரில் ரபி ஜேக்கப் ரொத்சைல்ட் நிற ஒதுக்கலைக் கண்டித்து வந்தார். 1958 ஒக்டோபர் 12இல் அவரது ஆலயத்துக்கு வெடி வைக்கப்பட்டது. அவரோ வாய் மூடினாரில்லை. நாற்சி ஆட்சியால் ஜெர்மனியினின்று வெளியேற்றப்பட்ட ரபி ஜோக்கிம் பிரின்ஸ், 1963 ஓகஸ்ட் 28இல் வோஷிங்டன் பேரணியிலே, வெறுப்பினும் வெட்கக்கேடானது அதனைக் கண்டும் மௌனம் சாதிப்பதே என்று முழங்கினார். 1965 மார்ச்சில் நியூயோர்க் குருமடப் பேராசிரியர் ஏபிரகாம் ஹெஷல், செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார்.

எனினும், ஒருவர் துணிவு ஊரின் வலிமையாகிவிடாது. பேரணி முடிந்த மறுநாளும் கூலிக்குறை இருக்கும். சிக்காகோவில் யூத குடும்பத்திற் பிறந்த சோல் அலின்ஸ்கி இதனை உணர்ந்தார். 1939இல், இறைச்சித் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த ஏழைக் குடியிருப்பிலே, தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே சபையில் இணைத்தார்.

அவர் வழிவந்த முறையே இன்று குருமாணவர்க்கும் கற்பிக்கப்படுகின்றது. பொஸ்டனில் எழுந்த ‘ஜோயின் ஃபோர் ஜஸ்டிஸ்’ என்னும் அமைப்பு இப்பணியைச் செய்து வந்துள்ளது. முதற்பாடம் கேட்டல். ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, அவரை வருத்துவது யாதென அறிதல் வேண்டும். பின்னர் வீடுகளிற் சிறு கூட்டங்கள். தலைமைக்குத் தக்காரை இனங்காணல். தீர்க்கத்தக்க குறையொன்றைத் தெரிந்து, தீர்க்கும் அதிகாரம் எவர் கையிலுள்ளதென ஆராய்தல்.

புளோரிடா மாநிலத்து இம்மொக்கலித் தக்காளித் தோட்டங்களைப் பாருங்கள். 32 இறாத்தல் வாளியை நிரப்பினால் தொழிலாளி பெற்றது ஏறக்குறைய 50 சதம். இறாத்தலுக்கு ஒரு சதம் கூட்டித் தருக என அவர்கள் பெருநிறுவனங்களைக் கேட்டனர். 2001இல் தொடங்கிய பகிஷ்காரம் 2005இல் டாக்கோ பெல் நிறுவனத்தை இணங்க வைத்தது. ஏனைய நிறுவனங்களையும் இணக்குவதற்காகப் போராட்டம் தொடர்ந்தது. ‘துரூவா’ என்னும் ரபிகள் அமைப்பு 2011 முதல் குருமாரை அங்கு அழைத்துச் சென்றது. தலைமை தொழிலாளரிடமே இருந்தது. குருமார் துணை நின்றனர்.

குரு இவ்வழி சென்றால் சபை பிளவுபடாதோ என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆலயத்தில் அமர்வர். ஆதலினாலேயே பயிற்சி வேண்டும் என்கிறோம். பயிலாதவர் பீடத்தினின்று கண்டிப்பார். பயின்றவர் முதலில் இருவர் வீட்டுக்கும் சென்று செவிகொடுப்பார்.

அன்பர்களே! வயலோரத்தை விட்டுக்கொடு என ஓதுவது எளிது. அவ்வயலில் உழைப்பவன் பெயரை அறிந்து, அவன் நியாயம் கேட்கும் நாளில் உடன் நிற்பதே அரிது. அரியதைக் கற்பிக்கும் குருமடமே தன் வேதத்துக்கு உண்மையானது.