வெட்டிவேரும் வல்லுநர் பரிமாற்றமும்

மைசூரு அக்ரஹாரம் பகுதியிலிருந்து நஞ்சன்கூடு வழியாகத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டலுப்பேட்டை உள்ளது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வட்டம் இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மண் காப்புக் குழுக்களுக்கு வெளிநாட்டு வல்லுநர்களின் தொடர்பால் விளையும் பயன் யாது என்ற வினாவிற்கு இவ்வட்டத்தின் நில எல்லைகளிலேயே விடை காணலாம்.

1950-களில் பிஜித் தீவின் கரும்பு நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்க முனைந்தவர் ஜான் கிரீன்ஃபீல்டு. அவர் வெட்டிவேர்ப் புல்லைச் சரிவின் குறுக்கே நெருக்கமாக நட்டு வேலியாக்கினார். ஓடிவரும் நீர் அவ்வேலியில் வேகம் தணிந்து பரவுகிறது. அடித்துவந்த மண் அங்கேயே படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சரிவு தானாகவே படிக்கட்டு நிலமாகிறது. 1980-களில் அவரும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் பணியாற்றியபோது, செலவு மிகுந்த மண் வரப்புகளுக்கு மாற்றாக இதனைப் பரிந்துரைத்தனர்.

ஆனால் குண்டலுப்பேட்டை உழவர்களோ இதே புல்லைத் தலைமுறை தலைமுறையாக எல்லை வேலியாக வளர்த்து வந்திருந்தனர். இப்புல் பல்லாண்டு நிலைக்குமா, களையாகப் பரவிப் பயிரைக் கெடுக்குமா என்ற ஐயங்களை மூன்றாண்டுச் சோதனைத் திடல் எதுவும் தீர்த்துவிட முடியாது. நட்ட வரிசையை விட்டு நகராமல் நின்ற அந்தப் பழைய வேலிகள் தீர்த்து வைத்தன. தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை. தூர்களைப் பிரித்து நட்டால்தான் பெருகும். வல்லுநர் கற்பிக்க வந்த இடத்தில் கற்றுக்கொள்ளவும் நேர்ந்தது என்பதே இதன் சிறப்பு.

1987-இல் புல்வேலி பற்றிய கையேடு வெளிவந்தது. 1996-இல் தாய்லாந்தின் சியாங் ராய் நகரில் முதல் பன்னாட்டு வெட்டிவேர் மாநாடும், 2011-இல் லக்னோவில் ஐந்தாம் மாநாடும் நடைபெற்றன. புல்லோடு அதன் தமிழ்ப் பெயரும் உலகெங்கும் வழங்குகிறது.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. கையேடு சம உயரக் கோட்டில் நடச் சொல்கிறது. உழவர் நட்டதோ எல்லைக் கோட்டில். சம உயரக் கோடு பட்டாவைப் பார்த்து வளைவதில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என நிலம் துண்டுபட்ட ஊரில் அண்டை நிலத்தாரின் இசைவின்றி வேலி முழுமை பெறாது. குழு தேவைப்படுவது இங்குதான். ஆராய்ச்சியாளரும் அலுவலரும் மட்டுமே சென்று வரும் பயணங்கள் இந்த இசைவை உண்டாக்க மாட்டா. வேலியைக் காத்து வரும் உழவரும் பயணக் குழுவில் இடம்பெற வேண்டும். வருகின்ற குழுவினரும் அவருடைய வயலில் ஒரு நாளேனும் தங்க வேண்டும். வரிசையில் விழுந்த இடைவெளியை யார் நிரப்புகின்றனர், இளம்புல்லைத் தீவனத்திற்கு அறுக்கும் உரிமை எவருடையது, நறுமண வேருக்கு விலை ஏறும்போது வேலியைத் தோண்டாமல் தடுப்பவர் யார் என்பனவற்றை அங்கேதான் கேட்டறிய முடியும்.