திருவிதாங்கூரில் முடியாட்சி முடிந்த கதை

திருமுடிவாக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்களுக்குப் பக்கத்து ஊர் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த மண். அவர் பாடிய பெரிய புராணத்தில் மனுநீதிச் சோழன் வருகிறான். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, மகனையே தேர்க்காலில் இட்ட அரசன். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் எத்தனை முறை மணி அடித்தாலும் அரசன் வெளியே வரவில்லை என்றால் குடிகள் என்ன செய்வது?

இதற்கு விடை தேடி, ஜனங்கள் அரசனைத் தூக்கியெறிந்த பாரிசுக்குப் போக வேண்டாம். தாம்பரத்தில் ராத்திரி நாகர்கோவில் ரயில் ஏறினால் போதும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, சுவாமியின் தாசனாக நின்று ஆண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. அரசனை எதிர்ப்பது தெய்வக் குற்றம் என்று ஜனங்கள் நம்பிய நாடு அது.

கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா கொடியவர் அல்ல. 1936 நவம்பர் 12இல் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். அந்தப் பெருமையை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் கோயிலுக்குள் போக முடிந்தவனால் ஆட்சியைக் கேள்வி கேட்க முடியவில்லை. அதிகாரம் முழுவதும் திவான் கையில் இருந்தது. அந்தத் திவான், சென்னையில் பேர்போன வக்கீலாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர்.

இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள், "சி.பி.யை ஒருவன் வெட்டினான், சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. அந்த வெட்டு விழுந்தது ஒரு ராத்திரியில். அதற்குப் பின்னால் ஒன்பது வருஷத்து ஜனங்களின் உழைப்பு இருக்கிறது.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. தலைவர் பட்டம் தாணுப் பிள்ளை. கேட்டது ஒன்றே ஒன்று: ஜனங்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி. அதாவது பொறுப்பாட்சி. சமஸ்தானம் கட்சியைத் தடை செய்தது, தலைவர்களைச் சிறையில் தள்ளியது. மலையாள மனோரமா பத்திரிகையை இழுத்து மூடியது. அந்தப் பத்திரிகையை நடத்திய குடும்பத்தார் பங்கு வகித்த வங்கியும் அதே ஆண்டில் மூழ்கியது. ஆகஸ்டு கடைசியில் நெய்யாற்றின்கரையில் கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது.

தலைவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு முன்னுக்கு வந்தவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியை, அக்கம்மா செறியான். வேலையை உதறிவிட்டு வந்தவர். 1938 அக்டோபர் 23. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கவடியார் அரண்மனையை நோக்கி ஆயிரக்கணக்கான பேர் நடந்தார்கள். ஒவ்வொரு தாலுகாவிலிருந்தும் வந்தவர்கள்; நாயர், ஈழவர், கிறிஸ்தவர் என்று பல வீட்டுப் பிள்ளைகள். சுட உத்தரவு வந்தது. நான்தான் தலைவி, முதலில் என்னைச் சுடுங்கள் என்று அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. சிறையில் இருந்த தலைவர்கள் வெளியே வந்தார்கள்.

எட்டு வருஷம் கழித்து அதே நாட்டில் துப்பாக்கி தாழவில்லை. 1946 அக்டோபர், ஆலப்புழைக் கடற்கரை. திவான் ஓர் அரசியல் சட்டத்தை முன்வைத்திருந்தார். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் திவானை யாரும் அசைக்க முடியாது. அதற்கு அமெரிக்க மாதிரி என்று பெயர் சூட்டினார். அமெரிக்க மாதிரியை அரபிக்கடலில் எறிவோம் என்று கயிற்றுத் தொழிலாளிகள், வயல் கூலிகள், மீனவர்கள் கிளம்பினார்கள். கையில் இருந்தது பாக்கு மரத்தைச் சீவிய ஈட்டி. எதிரே இயந்திரத் துப்பாக்கி. புன்னப்புராவிலும் வயலாரிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். எத்தனை பேர் என்று இன்றைக்கும் தகராறு.

தம்பானூரில் தாழ்ந்த துப்பாக்கி வயலாரில் ஏன் வெடித்தது? நான் புரிந்துகொண்டது இது. முதல் ஊர்வலத்தில் சிப்பாய் தன் சொந்த பந்தத்தைப் பார்த்தான். தன் ஊர், தன் சாதி, தன் வாத்தியார். வயலாரில் கூலிக்காரர்கள் தனியாக நின்றார்கள். ஸ்டேட் காங்கிரஸ் தலைமை அந்தப் போராட்டத்தில் சேரவில்லை. ஏழைகளை மட்டும் தனியே பிரித்து நிறுத்திவிட்டால் எந்தச் சிம்மாசனமும் சுடத் தயங்காது. நேபாளத்தில் 2006 ஏப்ரலில் 19 நாள் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரடங்கை மீறிக் காத்மாண்டுவின் சுற்றுச்சாலையை நிறைத்த கூட்டத்தில் மாணவரும் வக்கீலும் டாக்டரும் இருந்தார்கள், கடைசியில் அரசு ஊழியர்களே சேர்ந்துகொண்டார்கள். மன்னர் ஞானேந்திரா நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2008 மே 28இல் முடியாட்சியே ஒழிந்தது.

திருவிதாங்கூருக்கு வருவோம். வெள்ளைக்காரன் கிளம்பப் போகிறான் என்று தெரிந்ததும், 1947 ஜூன் 11இல், திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று சி.பி. அறிவித்தார். துறைமுகம் இருக்கிறது, மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கலாம் என்ற கணக்கு. ஆனால் இந்த முறை ஜனங்கள் தனித்தனியாக இல்லை. ஸ்டேட் காங்கிரஸ், சோஷலிஸ்டுகள், மாணவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் திருவனந்தபுரம் பேட்டையில் போலீஸ் சுட்டதில் ஒரு மாணவர் உட்பட மூவர் செத்தார்கள். ஜூலை 25 ராத்திரி, சங்கீத விழா முடிந்து வெளியே வந்த திவானை கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் இளைஞர் வெட்டினார். திவான் பிழைத்துக்கொண்டார். சில நாளிலேயே மன்னர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார், ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுப் போனார். செப்டம்பர் 4இல் பொறுப்பாட்சிப் பிரகடனம் வந்தது. 1938இல் கேட்டது 1947இல் கிடைத்தது. 1948 மார்ச்சில் பட்டம் தாணுப் பிள்ளை பிரதமரானார்.

இதற்கு மேல் சொல்வது மனத்துக்குக் கஷ்டமானது. விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளைத் தமிழர்கள் தங்கள் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கேட்டார்கள். அதற்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு மார்ஷல் நேசமணி தலைமை தாங்கினார். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போன தமிழர்கள் மேல் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. கொச்சியோடு இணைந்துவிட்ட அந்த மாநிலத்துக்கு அப்போது முதலமைச்சர் யார்? மன்னராட்சி சிறையில் அடைத்த அதே பட்டம் தாணுப் பிள்ளை. அவர் பிறகு சேர்ந்திருந்த கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதுதான் நியாயம் என்பேன். அரண்மனையை எதிர்த்து நின்றவர் கைக்குப் போலீஸ் வந்ததும், அது பழைய வேலையையே செய்தது.

மன்னர், திருவிதாங்கூர்–கொச்சியின் ராஜப்பிரமுகராக, அதாவது ஆளுநருக்கு நிகரான தலைவராக, 1956 அக்டோபர் 31 வரை பதவியில் இருந்தார். மறுநாள் நவம்பர் 1. அந்தப் பதவி இல்லாமல் போனது. அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழர் கேட்டபடியே சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன.